வேலைநிறுத்தம் செய்ய முடியாத சங்கத்துக்கு வலிமை எங்கிருந்து வந்தது?

அமெரிக்க நகரங்களில் காவலர்களுக்குச் சங்கம் உண்டு, ஆனால் வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை. அப்படியிருக்க மேயரையும் நகர மன்றத்தையும் எதிர்த்து நிற்கும் வலிமை அந்தச் சங்கங்களுக்கு எங்கிருந்து வந்தது, அது நியாயமானதுதானா என்று கேட்டிருந்தீர்கள். தொழிலாளர் உரிமையில் அக்கறை உள்ள எவரையும் சங்கடப்படுத்தும் கேள்வி இது. ஆலைத் தொழிலாளிக்கும் ஆசிரியருக்கும் நாம் கேட்கும் உரிமையைக் காவலருக்கு மட்டும் மறுக்க மனம் வராது. துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் கையில் உள்ள ஒருவரை ஆலைத் தொழிலாளியோடு ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்த உரிமையை எடுத்துக்கொண்டதற்கு ஈடாகச் சட்டம் கொடுத்த, இரு தரப்பும் உடன்படாவிட்டால் மூன்றாமவர் முடிவு சொல்லும் நடுவர் தீர்ப்பு முறையிலிருந்துதான் அந்த வலிமையின் பெரும்பகுதி வந்தது. ஊதியத்தைப் பொறுத்தவரை அது நியாயமான ஈடு. ஒழுங்கு நடவடிக்கையைப் பொறுத்தவரையோ, பொதுமக்களுக்கு உரிய ஒன்றை அவர்கள் இல்லாத அறையில் பேரம் பேசவிட்ட தவறு அதில் கலந்துவிட்டது.

இது எப்படி நேர்ந்தது என்பதைப் பார்க்க 1919-ஆம் ஆண்டின் பாஸ்டனுக்குப் போக வேண்டும். அந்நகரில் புதிதாகச் சேரும் காவலருக்கு ஆண்டு ஊதியம் 1,100 டாலர். அதிலிருந்து 200 டாலருக்கு மேல் சீருடைக்காக அவரே செலவழிக்க வேண்டும். முதல் உலகப் போர் விலைவாசியை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. ஊதியமோ அதன் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. பணி நேரம் வாரத்துக்கு 70 மணிக்கு மேல், சிலருக்கு 90 மணியையும் தாண்டியது. பணி முடிந்த பிறகும், அழைத்தால் ஓடுவதற்காக ஸ்டேஷனிலேயே படுத்திருக்க வேண்டிய இரவுகள் உண்டு. கோர்ட் தெரு ஸ்டேஷனில் 135 பேருக்கு நான்கு கழிப்பறைகள், ஒரே ஒரு குளியல் தொட்டி. ஒருவர் எழுந்துபோன படுக்கையில், அதன் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் படுப்பார். கழற்றி வைத்த தலைக்கவசங்களை எலிகள் கடித்தன. சங்கம் வேண்டும் என்ற எண்ணம் வெளியிலிருந்து யாரும் தூண்டிவிட்டதால் வந்ததன்று. அந்தப் படுக்கைகளிலும் கழிப்பறை வரிசைகளிலும்தான் அது முளைத்தது.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. காவலர்களுக்கு ஊதியம் கொடுத்தது பாஸ்டன் நகரம்; ஆனால் அவர்களை ஆண்ட காவல் ஆணையரை நியமித்தது மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர். பணம் வைத்திருந்த மேயர் ஆண்ட்ரூ பீட்டர்ஸுக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. கட்டளையிடும் அதிகாரம் வைத்திருந்த ஆணையர் எட்வின் கர்ட்டிஸிடம் பணம் இல்லை. முதலாளி யார் என்பதே தெளிவில்லாத இடத்தில் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும்? இன்றும் அமெரிக்க நகரங்களில் காவலர் தகராறுகள் இழுபட்டுக்கொண்டே போவதற்கு, மேயர், நகர மன்றம், ஆணையர், மாநிலச் சட்டமன்றம் என்று அதிகாரம் நான்காகச் சிதறிக் கிடப்பது ஒரு பெரிய காரணம்.

1919 ஆகஸ்டில் பாஸ்டன் காவலர்கள் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்தார்கள். வெளி அமைப்பு எதிலும் காவலர்கள் சேரக் கூடாது என்று கர்ட்டிஸ் விதி போட்டு, சங்கத்தை முன்னின்று நடத்திய 19 பேரைப் பணியிடைநீக்கம் செய்தார். மேயர் அமைத்த குடிமக்கள் குழு, கூட்டமைப்போடு இணையாத தனிச் சங்கமாக அது நீடிக்கலாம், அந்த 19 பேரைத் தண்டிக்க வேண்டாம் என்று சமரசம் சொன்னது. மேயர் ஏற்றார், ஆணையர் மறுத்தார். செப்டம்பர் 9 மாலை, 1,500-க்குச் சற்று அதிகமாக இருந்த படையில் 1,100-க்கும் மேற்பட்டோர் பணியை விட்டு வெளியேறினர். அன்றிரவே கடைகள் சூறையாடப்பட்டன. மாநிலப் படை வந்து இறங்கியது. அமைதி திரும்புவதற்குள் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள்.

ஆளுநர் கால்வின் கூலிட்ஜ், கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸுக்கு அனுப்பிய தந்தியில், பொதுமக்களின் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய எவருக்கும், எங்கும், எப்போதும் உரிமை கிடையாது என்று எழுதினார். அந்த ஒரு வரி அவரை அடுத்த ஆண்டே துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வெல்ல வைத்தது. 1923-இல் அவர் குடியரசுத் தலைவரானார். வெளியேறிய காவலர்களில் ஒருவர்கூடத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவர்களுடைய இடத்துக்குப் புதிதாக எடுக்கப்பட்டவர்களுக்குத் தொடக்க ஊதியம் 1,400 டாலர்; சீருடையும் இலவசம். கேட்டவர்கள் வேலையை இழந்தார்கள், கேட்டதெல்லாம் வேறொருவருக்குக் கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கோரிக்கை நியாயமானது என்பதை நகரமே தன் செயலால் ஒப்புக்கொண்டது. அதைக் கேட்ட மனிதர்களை மட்டும் அது மன்னிக்கவில்லை.

பாஸ்டனின் அச்சம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தனியார் துறைத் தொழிலாளர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை, அதாவது சங்கத்தின் வழியாக முதலாளியோடு பேசி ஒப்பந்தம் செய்யும் உரிமை, தந்த 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், மாநில, நகர அரசுகளை முதலாளி என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்தது. அதனால் ஒரு நகரக் காவலருக்குப் பேர உரிமை உண்டா இல்லையா என்பதை இன்றுவரை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. வட கரோலினாவில் 1959 முதல் அரசு அமைப்புகள் சங்கங்களோடு ஒப்பந்தம் செய்வதே செல்லாது. டெக்சாஸில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகர வாக்காளர்கள் வாக்களித்து ஏற்றால்தான் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் பேர உரிமை. சான் ஆன்டோனியோவில் காவலர்களின் அந்த உரிமையைத் திரும்பப் பெற 2021 மே மாதம் வாக்கெடுப்பு நடந்து, மயிரிழையில் தோற்றது. ஆகவே ‘அமெரிக்கக் காவலர் சங்கம்’ என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவது தவறு. ஒரு மாநில எல்லையைத் தாண்டினாலே சட்டம் தலைகீழாக மாறிவிடும்.

மாற்றம் 1950-களின் இறுதியில் நியூயார்க்கில் தொடங்கியது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் ராபர்ட் வாக்னரின் மகன்தான் அப்போது அந்நகர மேயர். தந்தை நகர ஊழியர்களுக்குக் கொடுக்காமல் விட்டதை மகன் 1958-இல் ஓர் ஆணையின் மூலம் கொடுத்தார். காவலர்களுக்கு அது சில ஆண்டுகள் தாமதித்தே வந்து சேர்ந்தது. 1967-இல் வந்த டெய்லர் சட்டம் பேர உரிமையை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. கூடவே வேலைநிறுத்தத்தைத் தடையும் செய்தது. வேலைநிறுத்தம் செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் ஊதியத்தை இழக்க வேண்டும் என்ற தண்டனையை 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. அப்படியும் 1971 ஜனவரியில் நியூயார்க் ரோந்துக் காவலர்கள் ஆறு நாட்கள் பணிக்கு வரவில்லை. 1975 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ காவலர்கள் வெளிநடப்புச் செய்தபோது, மேயர் ஜோசப் அலியோட்டோ அவசரநிலை அறிவித்து, நகர மன்றத்தை மீறி அவர்கள் கேட்ட 13 சதவீத உயர்வைக் கொடுத்தார். தடை போட்டால் மட்டும் வேலைநிறுத்தம் நின்றுவிடாது என்பதை நகரங்கள் இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டன.

வேலைநிறுத்தம் என்ற பெயரே இல்லாமல் அதைச் செய்யும் வழியும் இருந்தது. 1967 ஜூனில் டெட்ராய்ட் காவலர்கள் கூட்டம் கூட்டமாக உடல்நலமில்லை என்று சொல்லி விடுப்பு எடுத்தார்கள். சீருடையின் நிறத்தை வைத்து ‘நீலக் காய்ச்சல்’ என்று அதற்குப் பெயர் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1969-இல், மிச்சிகன் மாநிலம் 312-ஆம் எண் சட்டத்தை இயற்றியது: காவலர்களோ தீயணைப்பு வீரர்களோ நகரத்தோடு ஒப்பந்தத்தில் உடன்பட முடியாவிட்டால், மூவர் குழு ஒன்று ஒப்பந்தத்தை எழுதிக் கொடுக்கும், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பென்சில்வேனியா அதற்கு முந்தைய ஆண்டே இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. உங்கள் கேள்விக்கான விடையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த முறை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நகரம் ஒருவரை அனுப்பும், சங்கம் ஒருவரை அனுப்பும். அந்த இருவரும் தத்தம் தரப்புக்கே வாக்களிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நடுவில் அமரும் மூன்றாமவர்தான் உண்மையில் தீர்மானிக்கிறார். அவர் முன் வைக்கப்படும் முக்கியச் சான்று, ஒப்பீட்டு நகரங்களின் பட்டியல். சங்கம் அதிக ஊதியம் தரும் நகரங்களைப் பட்டியலில் சேர்க்கும். நகர நிர்வாகம் குறைவாகத் தருபவற்றைச் சேர்க்கும். எந்த நகரம் எந்த நகரத்துக்கு நிகர் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். மிச்சிகனில் பொருளாதாரக் கோரிக்கைகளில் நடுவர் இடைப்பட்ட ஒரு தொகையைத் தாமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கோரிக்கையிலும் ஏதேனும் ஒரு தரப்பின் இறுதி முன்மொழிவை அப்படியே ஏற்க வேண்டும். சங்கம் 5 சதவீதம் கேட்கிறது, நகரம் 2 சதவீதம் தருகிறது, அக்கம்பக்க நகரங்களின் நிலவரம் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 5-தான் 4-க்கு அருகில் இருக்கிறது என்று நடுவர் அதையே எடுத்துக்கொள்ளலாம். இந்த பயத்தாலேயே இரு தரப்பும் முன்கூட்டி நடுப்பக்கம் நகர்ந்து வரும் என்பதுதான் அந்த விதியின் கணக்கு.

ஊதியத்தைப் பொறுத்தவரை நான் இந்த முறையை ஆதரிப்பவன். ஒருவருடைய கடைசி ஆயுதத்தைச் சட்டம் வாங்கி வைத்துக்கொண்டால், பாரபட்சமில்லாத ஒருவரின் தீர்ப்பையாவது அவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 1919-இன் குளியல் தொட்டிக்கே அவர் திரும்ப வேண்டியிருக்கும். ஆனால் இதன் விலை என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. 312-ஆம் சட்டத்தை மாநில செனட்டராக இருந்தபோது ஆதரித்துக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான கோல்மன் யங், பின்னர் டெட்ராய்ட் மேயரானபோது, இந்தக் கட்டாய நடுவர் முறை நகரத்தின் நிதி நிர்வாகத்தை மெல்ல மெல்ல அழித்துவிடுகிறது என்று வெளிப்படையாகவே வருந்தினார். நடுவரை வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தீர்ப்பு எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அவர் தம் ஊருக்குப் போய்விடுவார், பூங்காவை மூடுவதா நூலகத்தை மூடுவதா என்று நகர மன்றம்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். 2011-இல் மிச்சிகன் இதைத் திருத்தி, நகரத்தின் செலுத்தும் திறனுக்கே நடுவர் முதன்மை தர வேண்டும் என்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்திருக்க வேண்டும்.

வலிமைக்கு இன்னொரு ஊற்று அரசியல். 2011-இல் விஸ்கான்சின் மாநிலம் அரசு ஊழியர்களின் பேர உரிமையைப் பெரும்பாலும் ஒழித்தபோது, காவலர்களையும் தீயணைப்பு வீரர்களையும் தொடாமல் விட்டது. அந்தச் சட்டம் பிழைத்தது. அதே ஆண்டு ஒஹையோ மாநிலம் அவர்களையும் சேர்த்துச் சட்டம் இயற்றியது. நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் அதைப் பெரும் வித்தியாசத்தில் தூக்கி எறிந்தார்கள். ஆசிரியரின் உரிமையை வெட்டிய அரசியல்வாதி காவலரின் உரிமையை வெட்டத் தயங்குவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தங்கள் உரிமையைக் காப்பாற்றிக்கொண்ட காவலர் சங்கங்கள், அருகிலேயே ஆசிரியர்கள் அதை இழந்தபோது உரத்த குரல் எழுப்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. சில காவலர்கள் எழுப்பவும் செய்தார்கள், அது போதவில்லை.

இனி ஒழுங்கு நடவடிக்கைக்கு வருகிறேன். தகராறின் உண்மையான முள் இதில்தான் தைத்திருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் எவரையும் பணிநீக்கம் செய்யக் கூடாது, செய்தால் அது சரியா என்று வெளியாள் ஒருவர் நடுவராக இருந்து விசாரிக்க வேண்டும் என்பது தொழிற்சங்க இயக்கம் வென்ற மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. காவலருக்கும் அது தேவை. மேலதிகாரியின் தவறை அம்பலப்படுத்திய கடைநிலைக் காவலரைக் காப்பாற்றுவதும் இதே விதிதான். 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரிட்டி வழக்கில் சொன்னதும் இதை ஒட்டியதே: நியூ ஜெர்சியில் போக்குவரத்து வழக்குகளைச் சரிக்கட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களிடம், பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தை அவர்களுக்கு எதிராகக் குற்ற வழக்கில் பயன்படுத்த முடியாது. சீருடை அணிந்ததால் ஒருவர் அரசியல் சாசனத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால் நடுவர் அறையில் இந்த நல்ல விதி வேறு வடிவம் எடுக்கிறது. நடுவரின் முதல் கேள்வி, இந்தத் தண்டனை இதற்கு முன் இதே தவறுக்குக் கொடுத்த தண்டனைக்கு இணையாக இருக்கிறதா என்பது. பல ஆண்டுகளாக ஒரு நகரம், கைவிலங்கிட்டவரை அடித்த காவலருக்கு ஐந்து நாள் சம்பளப் பிடித்தத்தோடு விட்டுவந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த ஆணையர் ஒருவர் துணிந்து அதே தவறுக்குப் பணிநீக்கம் செய்தால், பழைய ஐந்து நாளைக் காட்டி நடுவர் அவரைத் திரும்ப வேலையில் அமர்த்துவார். நகரத்தின் நேற்றைய அலட்சியமே இன்றைய நீதிக்குத் தடையாகிறது. 2017-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் பெரிய காவல் துறைகளின் பதிவுகளைத் திரட்டியபோது, 2006 முதல் நீக்கப்பட்ட 1,881 காவலர்களில் 451 பேர் மேல்முறையீட்டின் வழியாக வேலைக்குத் திரும்பியது தெரிந்தது. அந்த 451 பேருமே குற்றவாளிகள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களில் அநியாயமாக நீக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். எவர் எந்த வகை என்பதை அவர்கள் காவல் காக்கும் தெருவில் வசிப்பவர் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் குறை. அந்த விசாரணைகள் பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பவை.

நகர அரசுகளுக்கும் இதில் கணிசமான பங்கு உண்டு. கையில் பணம் இல்லாத மேயர், ஊதிய உயர்வைக் குறைத்துக்கொள்ளச் சங்கத்தைச் சம்மதிக்க வைக்க, செலவில்லாத ஒன்றைக் கொடுப்பார்: பழைய புகார்களைக் கோப்பிலிருந்து அழிக்கலாம், துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு விசாரணைக்கு முன் அவகாசம் தரலாம் என்பது போன்ற பிரிவுகள். பட்ஜெட்டில் அவற்றுக்கு விலை ஏதும் தெரியாது. விலையைப் பிறகு யாரோ ஒரு குடும்பம் கொடுக்கும்.

இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே நகரத்தில் பார்க்க வேண்டுமானால் சிகாகோவைப் பாருங்கள். அங்கே காவலர்களின் ஒப்பந்தம் 2017-இல் காலாவதியாகி, நான்கு ஆண்டுகள் கழித்து 2021 செப்டம்பரில்தான் புதியது கையெழுத்தானது; ஊதிய உயர்வின் பெரும்பகுதி நிலுவையாகவே வந்தது. அடுத்த மாதமே கோவிட் தடுப்பூசித் தகராறு வெடித்தது. மேயர் லோரி லைட்ஃபுட், நகர ஊழியர் அனைவரும் தடுப்பூசி நிலையைத் தெரிவிக்க வேண்டும், ஆண்டு இறுதிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். சங்கத் தலைவர் ஜான் கட்டன்சாரா, தெரிவிக்க வேண்டாம் என்று உறுப்பினர்களைத் தூண்டினார். இது சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குச் சமம் என்று நகரம் நீதிமன்றம் போனது.

தொழிலாளர் சட்டத்தில் ‘முதலில் கீழ்ப்படி, பிறகு முறையிடு’ என்றொரு கொள்கை உண்டு: மேலதிகாரியின் ஆணை தவறாகத் தோன்றினாலும் நிறைவேற்று, அது தவறென்று பின்னர் நிரூபணமானால் இழந்த சம்பளத்தை வாங்கித் தருவோம் என்பது அதன் பொருள். 2021 நவம்பர் 1 அன்று நீதிபதி ரேமண்ட் மிட்செல் அதன் எல்லையைச் சரியாகச் சுட்டினார். போட்ட ஊசியை எந்த நிலுவைச் சம்பளமும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நடுவர் தீர்ப்பு வரும்வரை காவலர்களுக்கு டிசம்பர் கெடுவை நிறுத்தி வைத்த அவர், நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணையைத் தொடரவிட்டார். 2022 பிப்ரவரியில் நடுவர், நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். தடுப்பூசியைப் பற்றிக் கட்டன்சாரா சொன்னவற்றோடு எனக்கு எள்ளளவும் உடன்பாடு இல்லை. ஆனாலும் தன் வாதத்தை நடுவர் கேட்கும்வரை காத்திருக்கும் உரிமை சங்கத்துக்கு இருந்தது. அந்த உரிமை மதிக்கப்பட்டது, முடிவில் நகரத்தின் கொள்கையும் நின்றது. முறை ஒழுங்காக இயங்கினால் இப்படித்தான் இருக்கும்.

அடுத்த வழக்கு இன்னும் கடினமானது. சிகாகோவில் பணிநீக்கம் போன்ற கடும் குற்றச்சாட்டுகளை, ஒன்பது குடிமக்கள் கொண்ட காவல் வாரியம் வெளிப்படையாக விசாரித்து வந்தது. மற்ற அரசு ஊழியர்களுக்கு மாநிலச் சட்டம் தரும் நடுவர் விசாரணை எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று சங்கம் கேட்டது. 2023-இல் நடுவர் எட்வின் பென், அந்த உரிமை காவலர்களுக்கும் உண்டு, விரும்பினால் வாரியத்தை விட்டு நடுவரிடம் போகலாம் என்று தீர்ப்பளித்தார். விசாரணை மூடிய கதவுக்குள் நடக்கும். 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் நகர மன்றம் அதை இருமுறை நிராகரித்தது. சங்கம் நீதிமன்றம் சென்றது. 2024 மார்ச்சில் நீதிபதி மைக்கேல் மல்லன், நடுவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி காவலருக்கு உண்டு, ஆனால் கடுமையான குற்றச்சாட்டுகள் பற்றிய அந்த விசாரணை பொதுமக்கள் பார்க்க நடந்தாக வேண்டும் என்றார்.

தொழிலாளியின் உரிமைக்கும் பொதுமக்களின் உரிமைக்கும் நடுவிலான எல்லைக்கோட்டை இதைவிடத் துல்லியமாக வரைந்த தீர்ப்பு எதையும் நான் படித்ததில்லை. பாரபட்சமில்லாத ஒருவர் முன் தன் வழக்கைச் சொல்வது தொழிலாளியின் உரிமை. அதை அவருக்குக் கொடுத்தாயிற்று. யாரும் பார்க்காமல் சொல்வது தொழிலாளியின் உரிமை இல்லை, ஏனெனில் அவர் கையில் இருந்த தடி அவருடையதன்று, நகர மக்கள் கொடுத்தது. எனவே உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு நகரத்தில் இப்படிப்பட்ட தகராறு எழும்போது, சங்கம் பக்கமா மேயர் பக்கமா என்று முதலிலேயே முடிவெடுக்காமல், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு பற்றிச் சண்டை நடக்கிறது என்று பாருங்கள். சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம், பணி நேரம் பற்றி என்றால் நான் பெரும்பாலும் சங்கத்தோடு நிற்பேன். புகார்க் கோப்பு, விசாரணை அவகாசம், கதவு திறந்திருப்பதா மூடியிருப்பதா என்பது பற்றி என்றால், அந்த மேசையில் பொதுமக்களுக்காக மூன்றாவதாக ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறதா என்று கேட்பேன்.